2000-இல் வங்கிப் பணம் அழியவில்லை, 2038-லும் அந்தப் பயம் வேண்டாம்

"2000 பிறந்தபோது கம்ப்யூட்டர் கோளாறில் வங்கிப் பணம் அழிந்தது, 2038 ஜனவரி 19-இல் மறுபடியும் அழியும், டெபாசிட்டை எடுத்துவிடுங்கள்" என்று பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு.

ஆண்டை இரண்டே இலக்கத்தில் வைத்திருந்த பழைய புரோகிராம்கள் '00'-ஐ 1900 என்று எடுத்துக்கொள்ளும் என்பதுதான் அன்றைய கவலை. கவலை நியாயமானதுதான். நம் நாட்டுப் பொறியாளர்கள் உட்படப் பலர் முன்கூட்டியே உட்கார்ந்து திருத்தினார்கள், அந்த உழைப்பை மறக்கக்கூடாது. தப்பியவை பெரும்பாலும் சிறு பிழைகள்: அமெரிக்கக் கடற்படை வானாய்வக இணையதளம் ஆண்டை 19100 என்று காட்டியது.

சரி, 2038? 1970 முதல் விநாடிகளை 32 பிட்டில் (அதாவது 0, 1 மட்டுமே கொண்ட 32 இலக்கங்களில்) எண்ணும் முறை அன்று காலை நம் நேரப்படி 8:44-க்கு நிரம்பி, தேதியைத் தவறாகக் காட்டக்கூடும். நேரத்தை 64 பிட்டில் எண்ணும் கணினிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. பெரியவர்களே, இதை நம்பி டெபாசிட்டை முதிர்வுக்கு முன்பே உடைத்து வட்டியை இழக்காதீர்கள்.