காடைக் குஞ்சுக்கு நொய்யரிசி மட்டும் போதுமா?

பொரித்த காடைக் குஞ்சுகளுக்கு மூன்று நாள் தண்ணீர் காட்டக் கூடாது, அதன்பின் நொய்யரிசி மட்டும் போதும், செய்தித்தாள் விரித்த அட்டைப்பெட்டியில் விளக்கே இல்லாமல் வளரும் என்றொரு செய்தி யாங்கூன் தமிழர்களின் வைபர் குழுக்களில் சுற்றி வருகிறது. அது தவறு.

ஜப்பானியக் காடைக் குஞ்சு பொரிக்கும்போது ஏறத்தாழ 7 அல்லது 8 கிராம் எடைதான் இருக்கும். வயிற்றில் எஞ்சிய மஞ்சள் கரு முதல் நாளுக்குக் கைகொடுக்கும் என்பது உண்மையே என்றாலும், அதை மூன்று நாளாக நீட்டினால் குஞ்சு மிஞ்சாது. அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றம் 1994இல் வெளியிட்ட கோழியினத் தீவன நூல் வளரும் காடைக்கு 24 விழுக்காடு புரதம் வேண்டும் என்கிறது; அரிசியில் இருப்பதோ 7, 8 விழுக்காடு. தீவன மூட்டையின் சீட்டில் புரத அளவைப் பார்த்து வாங்கி, பொடித்து வையுங்கள்.

முதல் வாரம் சுமார் 35 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை; பிறகு வாரந்தோறும் 3 பாகை குறைக்கலாம். மார்கழி இரவில் யாங்கூனிலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவதுண்டு. குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று அடைந்தால் குளிர்கிறது, விளக்கை விட்டு விலகினால் சுடுகிறது என்று பொருள். மின்சாரம் நின்றால் (நமக்குப் புதிதா என்ன!) துணி சுற்றிய வெந்நீர்ப் போத்தலை வைக்கலாம்.

வழுக்கும் செய்தித்தாளில் கால்கள் விரிந்துவிடுமாதலால் சாக்குத்துணி விரிப்பதும், மூழ்காதிருக்கத் தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்கள் இடுவதும் நல்லது.

அச்செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். அனுப்பியிருந்தால் அதே குழுவில் இத்திருத்தத்தையும் இடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.