நிலம் தாத்தாவுடையது, கையெழுத்து யாருடையதோ

"விவசாயிக்குத்தான் எத்தனை திட்டங்கள்!" என்று இனி யாராவது என்னிடம் சொன்னால் எழுந்து போய்விடுவேன்.

பாலாற்றங்கரையில் தாத்தா விட்டுப்போன மூன்று ஏக்கர் சொச்சம். உழுவது நான், கிணறு தூர் வாருவது நான், மோட்டார் காயில் கருகினால் வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் நான். ஆனால் நிலம் கூட்டுப்பட்டா. ஏழு பெயர்கள், அதில் மூன்று பேருக்குத் திவசம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம், அப்பா உட்பட. என் பெயர் எங்குமே இல்லை.

கிசான் கடன் அட்டைக்கு 2 லட்சம் ரூபாய் வரை அடமானமே வேண்டாம், கெடு தவறாமல் கட்டினால் 4 சதவீத வட்டிதான். கேட்க இனிக்கிறது. வங்கியில் போய் நின்றால் பட்டாவில் இருக்கும் மற்றவர்களின் சம்மதக் கடிதம் வேண்டுமாம், செத்தவர்களுக்கு வாரிசுச் சான்று வேண்டுமாம். சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம். நான் சிறு விவசாயி என்று நிரூபிக்க என் பெயரில் சிட்டா வேண்டும்! பாகப்பிரிவினை செய்துகொள் என்று அறிவுரை வேறு. அதற்கும் அதே ஏழு வீட்டுக் கையெழுத்துதானே ஐயா?

அத்தை ஒருத்திதான் கேட்டவுடன் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, கை நடுங்க நடுங்கக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆதாரில் இனிஷியல் வேறாக இருக்கிறதென்று அதையும் திருப்பிவிட்டார்கள்.

பெங்களூர் சித்தப்பா "பார்க்கலாம்டா" என்றார். ஆறு மாதமாகப் பார்க்கிறார். மனைத் தரகர் ஒருவர் சென்டுக்கு விலை சொன்ன அன்று மட்டும் ராத்திரி பஸ்ஸையே பிடித்து வந்து, வரப்பில் நின்று எங்கே ரோடு விடலாம் என்று கை நீட்டிக் காட்டினார். அவர் செருப்புக்கடியில் என் மிளகாய் நாற்று.

எந்தச் சான்றும் கேட்காமல் பணம் கொடுத்தது அடகுக்கடை மட்டும்தான். மனைவியின் நான்கு பவுன் சங்கிலி உள்ளே போய் இரண்டு போகம் அறுத்தாயிற்று, சங்கிலி திரும்பவில்லை. கழுத்தில் மஞ்சள் கயிற்றோடு களை எடுக்கிறாள், ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டுத் தொலைத்தாலாவது தேவலை.

எங்கள் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நானும் நாலு பாத்தி போட்டிருக்கிறேன். கத்தரிக்காய்க்கே பெயர் பதிவாகிவிட்டது, நட்டவனுக்கு ஆகவில்லை.

நாளைக் காலை பெங்களூர் பஸ் ஏறுகிறேன். சம்மதக் கடிதம், பேனா, இரண்டு கிலோ கத்தரிக்காய் எல்லாம் பையில் வைத்தாயிற்று. காம்பில் முள்ளை எடுக்கவில்லை. குத்தட்டும்.