தைப்பூசத்துக்கு வேண்டாம், ஆடிக்கு வையுங்கள்

வானியல் விழா ஒன்றை நம் கோயில் மைதானத்தில் நடத்தலாம், தைப்பூசக் காவடியோடு சேர்த்துவிட்டால் கூட்டத்துக்குப் பஞ்சமே இருக்காது என்று தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதி நண்பர்கள் சிலர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். யோசனை அருமை. நாள்தான் தப்பு.

தைப்பூசம் என்றாலே பௌர்ணமி. முழுநிலா பூசத்தின் பக்கத்திலேயே வந்து நிற்கும். பூசமோ ஏற்கெனவே மங்கல். அன்றைக்கு எந்தக் கொம்பனாலும் அதைக் காட்ட முடியாது. போதாததற்கு டர்பனில் அது மழைக்காலம். பகலெல்லாம் சுட்டெரித்துவிட்டு, சாயங்காலம் டெலஸ்கோப்பை எடுத்து வைக்கும்போது இடியோடு மேகம் வந்து சேரும். 91 கண்ணாடித் துண்டுகளைக் கோத்த சால்ட் தொலைநோக்கியைச் சும்மாவா காரூ என்ற வறண்ட பிரதேசத்தில், சதர்லாந்தில் கொண்டுபோய் வைத்தார்கள்?

ஆடிக்கு வாருங்கள். அம்மனுக்குக் கஞ்சி ஊற்றும் மாதம், இங்கே குளிர்காலம், மழை குறைவு. ராத்திரி எட்டு ஒன்பது மணிக்குக் கேட்டை நட்சத்திரம் சிவப்பாக நம் தலைக்கு மேலே நிற்கும். சென்னையில் அதைத் தெற்கே சாய்த்துத்தான் பார்க்க வேண்டும். அதன் பின்னாலேயே பால்வெளியின் மையமும் உச்சிக்கு வரும். 2018இல் இந்த நாட்டு ரேடியோ தொலைநோக்கியான மீர்காட்டின் 64 டிஷ்களைத் திறந்து வைத்தபோது வெளியிட்ட படம் அந்த மையத்தைத்தான். அதைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் மாட்டி, 'இது எங்கே?' என்று பிள்ளைகள் கேட்டால் அண்ணாந்து கை காட்டினால் போதும்.

கலை என்றால் ராக்கெட் ஓவியப் போட்டியும் நடுவில் ஒரு நாட்டியமும் என்று முடித்துவிடாதீர்கள். 2014இல் எஸ்கேஏ என்ற பன்னாட்டு ரேடியோ தொலைநோக்கித் திட்டத்துக்காக, இந்த நாட்டு நியூ பெதஸ்டா கிராமத்தின் சான் பழங்குடி வம்சாவளிக் கலைஞர்களும் மேற்கு ஆஸ்திரேலியப் பழங்குடி ஓவியர்களும் தங்கள் முன்னோர் சொன்ன வானத்தை வரைந்தார்கள். நமக்கு என்ன குறைச்சல்? இந்த ஊரில் சிக்ஸ்-ஃபுட் டான்ஸ் என்று பெயர் வாங்கிவிட்ட தெருக்கூத்து இருக்கிறது. ஆறுமுகனை வளர்த்த கார்த்திகைப் பெண்கள் கதையை விடிய விடிய ஆடட்டும். அதே மேடையில் ஒரு ஜூலுக் கதைசொல்லியும் ஏறட்டும். அந்த அறுமீன் கூட்டத்துக்கு ஜூலு மக்கள் வைத்த பெயர் இசிலிமேலா. ஜூன் மாத விடியலில் அது தெரிந்தால் நிலம் கொத்தத் தொடங்குவார்கள். ஆடியில் அது அதிகாலை இரண்டு மணிக்கு மேல் வடகிழக்கில் ஏறும். கூத்து முடியும்போது கார்த்திகையை நேரிலேயே காட்டிவிடலாம்.

விளக்கம் சொல்ல வருகிறவர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பள்ளி மைதானத்தில் பார்த்தேன். வரிசையில் நின்ற ஓர் ஆயா, கண்ணாடியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, நிலாவைப் பார்த்துவிட்டு, "அம்மை போட்ட முகம் மாதிரி இருக்கே" என்றார். டெலஸ்கோப் பக்கத்தில் விளக்கம் சொல்ல நின்ற பையன் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான். அட, அங்கேதானப்பா பேச்சே ஆரம்பிக்கிறது! விண்கற்கள் மோதிய தழும்பு அது, காற்றும் மழையும் இல்லாததால் கோடிக்கணக்கான வருடங்களாக ஆறாமல் கிடக்கிறது என்று சொல்லியிருந்தால், அவர் ஊரெல்லாம் போய்ச் சொல்லியிருப்பார். ஒரு மணி நேர ஸ்லைடுக்கு அது ஈடாகும்.

ஆகஸ்ட் 9 இந்த நாட்டின் பெண்கள் தினம், பொது விடுமுறை, ஆடிக்குள்ளேயே வருகிறது. அதை ஒட்டி வளர்பிறை விழும் ஒரு நாளாகப் பார்த்துக் குறியுங்கள். கோயில் கமிட்டி செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: ஃபிளட்லைட்டையும் சீரியல் பல்பையும் ஒரு மணி நேரம் அணைப்பது. அதற்கே மூன்று மீட்டிங், இரண்டு கோஷ்டி ஆகும், தெரியும். அதனால் பேச்சை இப்போதே ஆரம்பியுங்கள்.