‘மேட் இன் ஆஸ்திரேலியா’ டேக் மட்டும் போதாது

“டேக்கில் ‘மேட் இன் ஆஸ்திரேலியா’ என்று இருந்தால் அது 80களுக்கு முந்தைய டி-ஷர்ட்” என்று சிலர் சொல்வது தவறு. இதை நம்பி யாரும் பழைய டி-ஷர்ட்டுக்குக் கூடுதல் விலை கொடுத்துவிடாதீர்கள். ஆஸ்திரேலிய ஆடை நிறுவனமான பாண்ட்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அப்போதைய தாய் நிறுவனமான பசிபிக் பிராண்ட்ஸ், ஆஸ்திரேலியாவில் இருந்த ஆலைகளை மூடப்போவதாக அறிவித்ததே 2009-இல்தான். என்னிடம் இருக்கும் சிட்னி 2000 ஒலிம்பிக் டி-ஷர்ட்டின் கழுத்து டேக்கிலும் அதே வாசகம்தான், எழுத்து பாதி அழிந்துபோய் நிற்கிறது.

சரி, டி-ஷர்ட்டின் காலத்தை அறிய டேக்கில் வேறு எதைப் பார்ப்பது? முதலில் அளவு. மார்பளவு சென்டிமீட்டரில் இருந்தால் அது 70களிலோ அதற்குப் பிறகோ வந்தது. ஆஸ்திரேலியாவில் மெட்ரிக் மாற்றச் சட்டமே 1970-இல்தான் வந்தது. அப்புறம் முகவரி. நான்கு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1967-க்கு முன்பு இருக்க வாய்ப்பில்லை. இவை சொல்வது ‘இதற்கு முன்பு இல்லை’ என்பதை மட்டும்தான்.

டி-ஷர்ட்டில் இருக்கும் படத்தின் கீழே சின்னதாக அச்சிட்டிருக்கும் காப்புரிமை ஆண்டிலும் கவனம் வேண்டும். அது ஓவியத்தின் ஆண்டு. அதே படத்தைப் பல வருடம் கழித்தும் புதுத் துணியில் அச்சடிப்பார்கள்.