அந்த டிஸ்க் அலமாரியை இன்னும் எத்தனை வருஷம் பூட்டியே வைக்கப் போகிறீர்கள்?

மூன்று நாளாக மனசு ஆறவில்லை, எழுதிவிடுகிறேன். நான் ஒரு வங்கியின் ஆவணப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எந்த வங்கி என்பது வேண்டாம். செவ்வாய்க்கிழமை ஒரு கிளையிலிருந்து ஓர் அம்மாவை எங்களிடம் அனுப்பி வைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. அவர் பெயரில் 2008-ல் போட்ட ஃபிக்ஸட் டெபாசிட், புதுப்பித்துப் புதுப்பித்து வந்திருக்கிறது. மஞ்சள் பையிலிருந்து ரசீதை எடுத்து நீட்டினார். ‘நாமினேஷன் பதிவு செய்யப்பட்டது’ என்று ஊதா மையில் முத்திரை இருக்கிறது, யார் நாமினி, அதாவது அவருக்குப் பிறகு பணத்தை வாங்க வேண்டியவர் யார், என்ற பெயர் இல்லை. பழைய ரசீதுகள் பலவற்றில் முத்திரை மட்டும்தான் குத்துவார்கள். பெயர் இருப்பது வீட்டுக்காரர் அன்றைக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த டிஏ1 என்ற நாமினேஷன் படிவத்தில். எல்லாக் கிளைக் கணக்கையும் ஒரே கம்ப்யூட்டர் அமைப்பில் சேர்க்கும் கோர் பேங்கிங்குக்கு மாறியபோது அந்தப் பெயரை ஏற்றாமல் விட்டுவிட்டார்கள். படிவத்தை ஸ்கேன் செய்து டிவிடியில் எழுதி, தாளை அழித்தாயிற்று. ஆக, அந்த அம்மாவுக்கும் அவர் பணத்துக்கும் நடுவில் நிற்பது ஒரே ஒரு டிஸ்க்.

அந்த டிஸ்க்கைத் தேடி எடுத்தேன். மார்க்கரில் எழுதிய எண் பாதி அழிந்திருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வெளி ஓரத்தில் டீக்கறை மாதிரி ஒரு வளையம். இந்த மாதிரி டிவிடியில் தகவல் தங்குவது ஒரு மெல்லிய சாயப் படலத்தில், சூடும் ஈரமும் பட்டால் அது கெட்டுப் போகும். அது தெரிந்தும் மொட்டை மாடிக்கு நேர் கீழே, ஏசி இல்லாத அறையில், இரும்பு அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். சென்னை மே மாதத்தில் அந்த அலமாரிக் கதவைத் தொட்டுப் பாருங்கள், கை சுடும்.

இதையெல்லாம் திறக்க இருப்பது ஒரே கம்ப்யூட்டர், அதுவும் விண்டோஸ் எக்ஸ்பி. மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலேயே அதற்குப் பாதுகாப்பு அப்டேட் கொடுப்பதை நிறுத்திவிட்டது. ஆபத்து என்று ஆடிட்டில் எழுதியதால் நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள், பென் டிரைவ் போடவும் அனுமதி இல்லை. அதனால் படம் கிடைத்தாலும் பிரிண்ட் எடுத்து, அந்தப் பிரிண்டை வேறு மெஷினில் மறுபடி ஸ்கேன் செய்துதான் கிளைக்கு அனுப்ப வேண்டும். டிரைவ் தட்டு வெளியே வராமல் மாட்டிக்கொள்ளும், ஜெம் கிளிப்பை நிமிர்த்தி அந்தச் சின்ன ஓட்டைக்குள் குத்தி இழுக்க வேண்டும். போட்டேன். கரகரவென்று இரண்டு நிமிஷம் சுற்றிவிட்டு, படிக்க முடியவில்லை என்று நின்றுவிட்டது. நாலு தடவை போட்டேன், நாலு தடவையும் அதே. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா “கிடைச்சிருச்சா தம்பி?” என்று கேட்டார். எனக்கு முகம் கொடுத்துப் பேச முடியவில்லை.

புது சிஸ்டம்தான் வந்துவிட்டதே என்பார்கள். வந்தது, என் கோபமே அதில்தான்! டெண்டர் விட்டு, புது சர்வர், புது சாஃப்ட்வேர் எல்லாம் வாங்கினார்கள். ஆனால் அது தொடங்கிய தேதிக்கு அப்புறம் வந்த ஆவணங்கள் மட்டும்தான் அதில் ஏறும். பழைய டிஸ்க்குகளைத் தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாமாம். தேவைப்படுகிற நாள் யாருக்கு எப்போது வருகிறது என்று யோசித்தார்களா? சாவு விழுந்த வீட்டுக்குத்தான் வருகிறது, வழக்கில் மாட்டியவருக்குத்தான் வருகிறது.

பெரிய செலவு என்கிறார்கள். நான் எண்ணிப் பார்த்தேன், ஏறத்தாழ 1,100 டிஸ்க். ஒன்றுக்கு 4.7 ஜிபி, எல்லாமே நிரம்பியிருந்தாலும் மொத்தம் 5 டிபி-யைக் கொஞ்சம் தாண்டும். இன்றைக்கு ஒரே ஹார்ட் டிஸ்க்கில் அடங்கிவிடும், பத்திரத்துக்கு இன்னொன்றிலும் போட்டு வையுங்கள். ஒரு டிஸ்க்குக்குக் கால் மணி நேரம் என்றால் 275 மணி நேரம், ஒரே டிரைவ் வைத்துச் செய்தாலும் 35 வேலை நாள். மூன்று வருஷமாகக் கடிதம் எழுதுகிறேன், 35 நாளுக்கு ஓர் ஆளை ஒதுக்க மனசு வரவில்லை!

காப்பி எடுத்தால் மட்டும் போதாது, அதையும் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதியிருக்கிறேன். டிஸ்க்கில் இருக்கிற ஃபைல்களுக்குப் பெயர் வெறும் எண்தான். எந்த எண் யாருடைய படிவம் என்று சொல்லும் இன்டெக்ஸ் அந்த எக்ஸ்பி மெஷினின் ஹார்ட் டிஸ்க்கில் மட்டும் இருக்கிறது. அந்த இன்டெக்ஸைச் செய்து கொடுத்த கம்பெனியை மூடி வருஷங்கள் ஆகின்றன. நாளைக்கு அந்த ஹார்ட் டிஸ்க் போனால் நல்ல டிஸ்க்குகளும் சேர்ந்து செத்தமாதிரிதான், எதில் யார் இருக்கிறார் என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு படத்தையும் கண்ணால் பார்க்க வேண்டும்.

அந்த அம்மாவிடம் கிளையில் என்ன சொல்லியிருக்கிறார்கள் தெரியுமா? வாரிசுச் சான்றிதழ் வாங்கி வாருங்கள், இரண்டு மகன்களின் கையெழுத்தும் வேண்டும். பெரிய மகன் சூரத்தில் இருக்கிறார், வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லை. அந்த மனுஷன் 2008-லேயே ஒழுங்காகப் படிவம் பூர்த்தி செய்து கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். தொலைத்தது நாங்கள், அலைவது அந்த அம்மா.

டிஸ்க்கைத் திரும்ப அலமாரியில் வைக்கவில்லை. ஒரு டிரைவில் படிக்காதது இன்னொன்றில் சில சமயம் படிக்கும். வேறொரு கிளையில் வேறு கம்பெனி டிரைவ் ஒன்று இருக்கிறதாம், மேனேஜரிடம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டேன், திங்கட்கிழமை காலையில் எடுத்துக்கொண்டு போகிறேன்.