‘இன்’ என்று தொடங்கினால் எதிர்ப்பொருளா?

“ஆங்கிலச் சொல்லின் முன்னால் ‘இன்’ வந்தால் எதிர்ப்பொருள்” என்றொரு குறிப்பு பகிரப்படுகிறது. இது பாதிதான் சரி.

லத்தீனிலிருந்து இரண்டு ‘இன்’கள் ஆங்கிலத்துக்கு வந்தன. ஒன்று ‘இல்லை’ என்று மறுப்பது: இன்கரெக்ட், இன்விசிபிள். மற்றது ‘உள்ளே’ எனப் பொருள்படுவது. எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், குழப்பம் அங்கேதான்.

இந்த ‘உள்ளே’ வகையில் ஆபத்தான சொல் இன்ஃபிளேமபிள். தீப்பற்றாதது என்று நினைத்துவிடாதீர்கள், எளிதில் தீப்பற்றும் என்பதே பொருள். தீமூட்டு எனும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. ஃபிளேமபிள் என்றாலும் அதேதான். இந்தக் குழப்பத்துக்கு அஞ்சியே எச்சரிக்கைப் பலகைகளில் இப்போது ஃபிளேமபிள் என்று எழுதுகிறார்கள். தீப்பற்றாததற்கு நான்ஃபிளேமபிள். இன்ஹேபிட்டபிளும் அப்படியே: வாழத் தகுந்த இடம். தகாதது அன்இன்ஹேபிட்டபிள்.

இன்வேல்யூபிள் இன்னும் வேடிக்கை. அங்கே ‘இன்’ மறுப்புதான். ஆனால் மறுப்பது மதிப்பை அல்ல, மதிப்பிட முடிவதை. அதனால் விலைமதிப்பற்றது. இன்ஃபேமஸ் என்றால் பிரபலமில்லாதவர் அல்ல, கெட்ட பெயரால் அறியப்பட்டவர்.

‘இன்’னை நீக்கிவிட்டு, மிச்சம் தனிச்சொல்லாக நின்றால் எதிர்ப்பொருள் என்று முடிவுகட்டும் குறுக்குவழி இன்ஃபிளேமபிளிலேயே கவிழ்ந்துவிடும். மருந்து, ரசாயன லேபிள்களில் ஊகிக்காமல் அகராதியைப் புரட்டுங்கள்.