தலைக்கு 214 டாலரா?

கொரோனா காலத்தில் அமெரிக்க அரசு பண்ணையில் நிற்கும் ஒவ்வொரு மாட்டுக்கும் 214 டாலர் கொடுத்ததாக ஒரு செய்தி சுற்றுகிறது. பாதிதான் சரி. 2020-இல் வந்த உணவு உதவித் திட்டத்தில் 214 என்ற தொகை இருந்தது உண்மை, ஆனால் அது ஜனவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை விற்றுவிட்ட, கொழுக்க வைத்த இறைச்சி மாட்டுக்கு மட்டும். விற்காமல் தொழுவத்தில் நின்ற மாட்டுக்கு? தலைக்கு 33 டாலர், அதுவும் ஏப்ரல் 16 முதல் மே 14 வரையிலான இருப்புக் கணக்கின்படி. பால் பண்ணைக்காரருக்குக் கறந்த பாலின் எடையை வைத்துத்தான் பணம். அப்புறம் ஆயிரக்கணக்கில் மாடு வைத்திருந்தவர் அள்ளிக்கொண்டார் என்பதும் அப்படியே சரியில்லை. தனிநபருக்கு உச்சவரம்பு 2,50,000 டாலர். அதுவே அதிகம் என்று சண்டை போடலாம், அது வேறு கதை.